நாற்பத்தொன்றாம் குவியல்

விழுப்புரம் ஜெயில்
14.5.2024

அக்காவுக்கு ராயப்பன் எழுதுவது.

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? உன்னை நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்காமல் ஒரு கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மாமா போய் ஐம்பத்தேழு நாள் ஆகிறது. அன்றைக்கு மார்க்கெட் கமிட்டியில் நடந்தது என் புத்தியை மீறி நடந்தது. நான் தள்ளினேன். கையில் மூட்டைக் கொக்கி இருந்ததை மறந்துவிட்டேன். போலீசிலும் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அங்கே இருந்த விவசாயி, வியாபாரி, மூட்டை தூக்குகிற ஆள் எல்லாரும் நான் பார்க்கவில்லை, டீ குடிக்கப் போயிருந்தேன் என்கிறார்களாம். அத்தனை பேருக்கும் டீ போட்டவன் யாரோ. சாட்சி என்று நீ ஒருத்திதான் இருக்கிறாய். கோர்ட்டில் என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும் அக்கா.

பூமாலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வானூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பிரம்மதேசத்து நிலத்தை நிலத்துக்காரர் வேறு ஆளுக்குக் குத்தகை விட்டுவிட்டாராம்.

கமிட்டி போர்டில் வேர்க்கடலை என்று எழுதுவார்களே, நம் மல்லாட்டை, அது இப்போது என்ன விலை போகிறது? எழுது. உன் கடிதத்தை ஆபீசில் படித்துவிட்டுத்தான் என்னிடம் தருவார்கள். அதை மனதில் வைத்து எழுது.

நீ தூக்கி வளர்த்த தம்பி
ராயப்பன்


திண்டிவனம்
9.6.2024

சேசு மரி சூசை துணை.

ராயப்பனுக்கு ஜெசிந்தா எழுதுவது.

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்திருக்கிறேன். மேலே கோடு தெரியும், பார்த்துக்கொள். உடம்பு விசாரித்திருந்தாய். இருக்கிறது.

உன் கடிதம் வந்து இருபது நாள் அரிசிப் பானைக்குள் கிடந்தது. அஞ்சாவது வரை படித்தவள் நான். எழுதத் தெரியாததால் தாமதம் இல்லை. கை போகவில்லை.

நீ தள்ளவில்லை. நான் பத்தடி தூரத்தில் துடைப்பத்தோடு நின்றேன். காலையில் வண்டி வந்ததும் மூட்டையை அவிழ்த்துத் தரையில் குவியல் போட்டீர்கள். வழக்கம்போல என் வீட்டுக்காரர்தான் ஒவ்வொரு குவியலிலும் நம்பர் சீட்டைச் சொருகிக்கொண்டே போனார். உனக்கு நாற்பத்தொன்று, பக்கத்தில் சீனுவாசனுக்கு நாற்பத்திரண்டு. வியாபாரிகள் வந்து கையில் அள்ளிப் பார்த்து, சீட்டு நம்பரைக் குறித்து, விலை எழுதிப் பெட்டியில் போட்டார்கள். மதியம் போர்டில் சாக்பீசால் எழுதினார்கள். நாற்பத்தொன்றுக்கு மூட்டை நாலாயிரத்து எழுநூறு. நாற்பத்திரண்டுக்கு ஐயாயிரத்துத் தொள்ளாயிரம். நீ ஓடிவந்து உன் குவியலைப் பார்த்தாய். அதில் நாற்பத்திரண்டு இருந்தது. சீனுவாசனின் ஈர மல்லாட்டையில் உன் நாற்பத்தொன்று இருந்தது.

அவர் தராசைத் தள்ளிக்கொண்டு வந்தார். நீ அவர் சட்டையைப் பிடித்தாய். முதல் அடி கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. அவர் உன் குவியல் மேலேயே விழுந்தார். விழுந்து கையைத் தூக்கி உன்னிடம் ஏதோ சொன்னார். கூட்டத்துச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நீ குனிந்து கேட்டாய். அப்புறம் நிமிர்ந்து இரண்டாவது அடி அடித்தாய். அது தலையில். கொக்கியைப் பிடுங்க உனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், கூட்டேரிப்பட்டு தாண்டும்போது என் மடியில் மூச்சு நின்றது. இதைத் தள்ளினது என்று எழுதுகிறாய்.

ஊரில் வேறு பேச்சு ஓடுகிறது. சீனுவாசனிடம் காசு வாங்கிக்கொண்டு சீட்டை மாற்றினவர் அவர் என்கிறார்கள். டீக்கடையில் ஒருவன் என் காதுபடச் சொன்னான்: “திருடனத்தான கொன்னான். அதுக்கு எதுக்கு ஜெயிலு?” பதினாறு வருஷம் எடை போட்ட மனுஷனுக்கு இந்தப் பேர்.

விலை கேட்டிருந்தாய். ஐயாயிரத்து நூறு.

ஜெசிந்தா


விழுப்புரம் ஜெயில்
21.7.2024

அக்காவுக்கு.

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று இங்கே ஞாயிற்றுக்கிழமை பூசையில் வேண்டிக்கொள்கிறேன். பூசை வைக்க மாதம் ஒரு சாமியார் வருகிறார்.

தண்ணீர்க் குழாயடியில் ஒருவன், “மாமனக் கொன்ன மவராசன் வர்றான், வழி உடுங்கடா” என்றான். நான் அவன் காதைக் கடித்துவிட்டேன். அவன் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து வாளியால் அடித்ததில் முன்பல் இரண்டு போய்விட்டது. கஞ்சி குடிக்கப் பல் எதற்கு.

நீ எழுதினதைப் படித்தேன். ஒன்று கேட்கிறேன். சீட்டு சொருகுகிற ஆள் மாமா. குவியல் பக்கம் வேறு யார் கை போகும்? காற்றடித்தா நம்பர் மாறும்? உன் புருஷன் என்பதற்காக நீ கண்ணை மூடிக்கொள்ளாதே. நம் ஆட்கள் இத்தனை காலமும் கமிட்டிக்கு அடுத்தவன் மூட்டையைத் தூக்கத்தான் போனார்கள். சொந்த மூட்டையை வண்டியில் ஏற்றிப்போனவன் நான்தான் முதல். ஒரு ஏக்கர் குத்தகை. பூமாலை இடுப்பொடிய ஆய்ந்த மல்லாட்டை. என் சரக்கைப் பார்த்து சீனுவாசனே, “ரோசாப்பூ மாதிரி இருக்குதுடா ராயப்பா” என்றார். அந்த ரோசாப்பூவுக்கு நாலாயிரத்து எழுநூறு.

வக்கீல் மணிமாறன் உன்னை வந்து பார்ப்பார். அவர் சொல்கிறபடி சொல். மாமா இனித் திரும்ப வரப்போவதில்லை. நான் வரலாம்.

ராயப்பன்


திண்டிவனம்
25.8.2024

சேசு மரி சூசை துணை.

ராயப்பனுக்கு.

பல் போன இடத்தில் உப்புத் தண்ணீர் வைத்துக் கொப்பளி. அதற்கு மேல் உன்மேல் இரக்கம் எழுத வரவில்லை.

வக்கீல் மணிமாறன் வந்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் சீட்டை மாற்றினது நிஜம், அதைக் கேட்கப்போய்க் கைகலப்பு ஆனது, ஒரே அடி, அதுவும் தெரியாமல் பட்டது. இதை நான் கோர்ட்டில் சொன்னால் போதுமாம். “செத்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லம்மா, இருக்கிறவன் பொழச்சிக்குவான்” என்றார். நான் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

கமிட்டிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். வேறு எங்கே போவேன். எங்களுக்குக் கூலி இல்லை என்பது உனக்குத் தெரியும். சிந்தினதைக் கூட்டிப் புடைத்து எடுத்துக்கொள்வதுதான் கூலி. பத்து வருஷமாகத் தரையைப் பார்த்தே நான் ஊர் நிலைமையைச் சொல்லிவிடுவேன். நல்ல விலை கிடைத்த அன்றைக்கு விவசாயி கீழே பார்க்க மாட்டார். “கூட்டிக்கம்மா” என்று சொல்லிவிட்டு நேரு வீதிக்குத் துணி எடுக்கப் போவார். விலை இறங்கினால் உட்கார்ந்து ஒவ்வொரு பருப்பாகப் பொறுக்குவார், எங்கள் முறத்தைத் தட்டிவிடுவார். அந்த வாரமே டீக்கடையில் பெஞ்சு காலியாகும், அடகுக்கடையில் கூட்டம் சேரும், பூசையில் உண்டியல் சத்தம் போடாது. டிவியில் நாடு வளர்கிறது என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவள் ஒரு நாள் இங்கே வந்து கூட்டிப் பார்க்கலாம்.

அதைவிட மோசமான நாள் ஒன்று உண்டு. விவசாயி பொறுக்கவும் மாட்டார். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போர்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். உன்னை அப்படிப் பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை நெல் வரத்து. அப்படியே ஒருவர் நின்றார். என்னோடு கூட்டுகிற பாஞ்சாலி அவர் காலடியில் முறத்தை நீட்டினாள். இரும்புப் படியை எடுத்து அவள் மண்டையில் போட்டார். ஏழு தையல். நான் துடைப்பத்தின் கட்டைப் பக்கத்தால் அவர் முகத்தில் அடித்தேன். வாய் கிழிந்து நெல் மேல் ரத்தம் வடிந்தது. கீழே விழுந்த பிறகும் அடித்தேன். என்னைப் பிடித்து இழுத்தவர்கள் சொல்கிறார்கள், நான் உன் பேரைச் சொல்லிச் சொல்லி அடித்தேனாம்.

ஜெசிந்தா


விழுப்புரம் ஜெயில்
19.10.2024

அக்காவுக்கு.

சுகம். மழை பிடித்துக்கொண்டது, உன் வீட்டுத் தகரம் ஒழுகும், யாரையாவது பிடித்துத் தார் பூசச் சொல்.

புதிதாக வந்த ஒரு கைதி திருவெண்ணெய்நல்லூர்க்காரன். மல்லாட்டை விலை ஏறிவிட்டது என்கிறான். எவ்வளவு என்று அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற எண்ணெய்க்கு வரி போட்டுவிட்டார்களாம். நிஜமா? எவ்வளவு? அதை மட்டும் எழுது.

ராயப்பன்


திண்டிவனம்
27.10.2024

ராயப்பனுக்கு.

எட்டாயிரத்து முந்நூறு.

உன்னுடையது போன்ற நல்ல சரக்கு என்றால் எட்டாயிரத்து அறுநூறு. வியாபாரிகள் குவியலைச் சுற்றி முட்டிக்கொள்கிறார்கள். விவசாயிகள் எடை போடுகிற பையனுக்குப் பிரியாணி வாங்கித் தருகிறார்கள். அவர் நின்ற இடத்தில் இப்போது ஒரு பையன் நிற்கிறான். தரையில் அத்தனை மல்லாட்டை சிந்திக் கிடக்கிறது. ஒருத்தரும் குனியவில்லை. முறம் நிறைய அள்ளினேன். அள்ளிக்கொண்டே அழுதேன். ஏழு மாதம். நீ ஏழு மாதம் மூட்டையைப் போட்டு வைத்திருந்தால் அவர் இன்றைக்குப் பிரியாணி தின்றிருப்பார்.

அந்த விலை மேலே இருக்கிற யாரோ ஒருவரின் கையெழுத்தில் இறங்கியது, கையெழுத்தில் ஏறியது. அந்தக் கையை உனக்குத் தெரியாது. தெரிந்த கழுத்து இவர் கழுத்துதான்.

உன் கையை மணிக்கட்டோடு வெட்டிப் போட வேண்டும் என்று சில நாள் தோன்றுகிறது. அந்தக் கைக்குச் சோறு ஊட்டினவள் நான். ஆபீசில் படிக்கிற ஐயா, இதையும் படித்துக்கொள்ளுங்கள்.

ஜெசிந்தா


திண்டிவனம்
3.11.2024

சேசு மரி சூசை துணை.

தம்பி ராயப்பனுக்கு.

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். நேற்று கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்துவிட்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்தவள் தன் மருமகளிடம் மெதுவாகச் சொன்னாள்: “கமிட்டில சீட்டு மாத்தினானே, அவனுது.” செத்தவர் கல்லறைக்கு அதுதான் அடையாளம் ஆகிவிட்டது.

சீட்டை மாற்றினது நான்.

அன்றைக்குக் காலையில் நீ டீ குடிக்கப் போயிருந்தாய். உன் குவியலுக்கும் சீனுவாசன் குவியலுக்கும் நடுவில் கூட்டினேன். துடைப்பம் பட்டு இரண்டு சீட்டும் விழுந்துவிட்டன. சீட்டில் நம்பர் மட்டும்தான், பேர் கிடையாது. எது எதிலிருந்து விழுந்தது என்று பார்க்கவில்லை. விழுந்தால் எடைக்காரரைக் கூப்பிட வேண்டும் என்பது கமிட்டி வழக்கம். கூப்பிட்டால் என் வீட்டுக்காரரே ஆனாலும் ஆபீசில் சொல்லியாக வேண்டும், குவியலுக்குப் பக்கத்தில் கூட்டினாய் என்று வாசலோடு நிறுத்திவிடுவார்கள். வியாபாரிகள் வேறு வந்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒன்றாகச் சொருகிவிட்டு நகர்ந்தேன். உன் நம்பரை ஈரச் சரக்கில் பார்த்து விலை போட்டார்கள்.

நீ அவர் சட்டையைப் பிடித்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்து, “நான்தாண்டா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. இத்தனை பேர் முன்னால் சொன்னால் நாளையிலிருந்து முறத்தோடு உள்ளே விடமாட்டார்களே என்று நினைத்தேன். மாமனும் மச்சானும்தானே, கத்திவிட்டு அடங்குவார்கள் என்று நினைத்தேன். நான் நினைத்து முடிப்பதற்குள் கொக்கி இறங்கிவிட்டது. அதற்கப்புறமும் சொல்லவில்லை. போலீஸ் கேட்டபோதும் சொல்லவில்லை. அவரைத் திருடன் என்று ஊர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு ஏழு மாதம் கூட்டிக்கொண்டிருந்தேன்.

கோர்ட்டில் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்டாய் அல்லவா. இதைச் சொல்லப்போகிறேன். இரண்டு அடியையும் சொல்லப்போகிறேன். ஆபீசில் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் அக்கா
ஜெசிந்தா


திண்டிவனம்
15.12.2024

தம்பி, நாற்பது நாளாகப் பதில் இல்லை. திட்டியாவது எழுது. புயல் மழையில் உங்கள் பக்கம் தண்ணீர் ஏறியது என்று கேட்டு நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எதற்கு இறங்கவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

ஜெசிந்தா


விழுப்புரம்
20.1.2025

அக்காவுக்கு.

உயிரோடு இருக்கிறேன். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. ஜாமீனில் போகிற மாரியப்பன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருகிறான். ஆபீசில் யாரும் படிக்கவில்லை. அதனால் எழுத முடிகிறது. அவனுக்கு ஒரு வேளைச் சோறு போடு.

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு உன்னைக் கொல்ல வேண்டும்போல இருந்தது. சுவரில் முட்டி முட்டி நெற்றி கிழிந்தது. வார்டர் கையைக் காலைக் கட்டிப் போட்டார். நீ சீட்டை மாற்றினதால் வந்த கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். கட்டிக் கிடந்த இரண்டு நாளில் அது இல்லை என்று தெரிந்தது. என்னிடம் இருந்த ஒரே சாக்கை நீ பிடுங்கிவிட்டாய். அதுதான் கோபம்.

கீழே விழுந்து மாமா என்ன சொன்னார் என்று உனக்குக் கேட்கவில்லை என்றாய். எனக்குக் கேட்டது. “மச்சான், சீட்டு மேல என் கை படலடா. வா, ஆபீசுல சொல்லி மறு ஏலம் போடலாம்” என்றார். நான் நம்பினேன் அக்கா. அந்த நொடியே நம்பினேன். அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

நம்பிவிட்டுத்தான் இரண்டாவது அடி அடித்தேன்.

மறு ஏலம் போட்டால் என்ன வரும்? ஐயாயிரத்துத் தொள்ளாயிரம். போர்டில் அதற்கு மேல் ஒரு நம்பருக்கும் விலை இல்லை. விதைக்கும் குத்தகைக்கும் ஆய்ந்த கூலிக்கும் அது பத்தாது. சீட்டு மாறாமல் இருந்திருந்தாலும் நான் செத்தவன்தான். மாமா நியாயத்தைச் சொன்னார். அந்த நியாயத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தபோது கை தானாக ஓங்கவில்லை, நான்தான் ஓங்கினேன். போர்டை அடிக்க முடியாது. விலை போட்டவன் யார் என்று தெரியாது. இவர் கைக்கெட்டுகிற தூரத்தில் கிடந்தார்.

சீட்டு மாறினதால் வந்த ஆத்திரம் என்று நீ கோர்ட்டில் சொன்னால் தண்டனை குறையும் என்று மணிமாறன் சந்தோஷமாக இருக்கிறார். உன் கடிதத்தைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். நீ உன் தப்பைச் சொல், போதும். நான் இப்போது எழுதினதைச் சொல்லாதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. எனக்குப் பூமாலை இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது.

உன்னை நம்பித்தான் எழுதினேன்.

தம்பி
ராயப்பன்


திண்டிவனம்
12.3.2025

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள தம்பி ராயப்பனுக்கு அக்கா எழுதுவது.

நேற்று கூண்டில் உன்னைப் பார்த்தேன். இளைத்துவிட்டாய். மேல்சட்டை பெரிதாக இருந்தது.

நடந்ததெல்லாம் நீ பார்த்தாய். ஆனாலும் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதுகிறேன். மணிமாறன் எழுந்து, “சீட்டு மாறினது உண்மைதானேம்மா?” என்றார். உண்மை என்றேன். “மாத்தினது உங்க வீட்டுக்காரர்தான்னு இவர் நம்பினதும் நியாயம்தானே?” என்றார். நான், “மாத்தினது நான். அவரு தொடல” என்றேன். அவருக்கு அது போதும். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பின் பெஞ்சில் கமிட்டி ஆட்கள் முனகினார்கள். சீனுவாசன் தலையில் கை வைத்துக்கொண்டார். அரசு வக்கீல் எத்தனை அடி என்று கேட்டார். இரண்டு என்றேன். முதல் அடிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் பேசினார் என்றேன். என்ன பேசினார் என்று கேட்டார்.

உன் கடிதம் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. மாரியப்பன் கொடுத்த அன்றைக்கே அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன். விறகு பற்றிக்கொண்டது. காகிதத்தை நீட்டினேன். நீட்டின கை அப்படியே நின்றது. அவர் கடைசியாகப் பேசினது உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை தம்பி. பத்தடி தூரத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. உன் கோணல் எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதை அடுப்பில் போட்டால் அவரை இன்னொரு தடவை கொல்கிற மாதிரி.

சீட்டு என் பங்கு. வாயைத் திறக்காதது என் பங்கு. அதைச் சாகிறவரை சுமப்பேன். இன்றைக்குக் காலையில் கமிட்டி வாசலில் என் முறத்தைப் பிடுங்கி ரோட்டில் வீசிவிட்டார்கள். சரி என்று வந்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னதை நம்பிவிட்டு நீ கொக்கியைத் தூக்கினாயே, அது உன்னுடையது. அதையும் என் சீட்டுக்கு அடியில் மறைத்து வைக்கச் சொன்னாய். மாட்டேன்.

ஜட்ஜ் ஐயா உன் கடிதத்தை வாங்கி, குமாஸ்தாவை உரக்கப் படிக்கச் சொன்னார். அந்த ஆளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. இருமி இருமிப் படித்தார். ‘மச்சான், சீட்டு மேல என் கை படலடா’ என்று படித்தார். டீக்கடையில் பேசினவனும் கேட்டான். கல்லறையில் பேசினவளின் மகனும் கேட்டான். நீ என்னைப் பார்க்கவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

தீர்ப்பு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. பூமாலைக்கு ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறேன், பிள்ளையோடு இங்கே வந்து இருக்கட்டும். வேறு வேலை தேடிக்கொள்வேன்.

வக்கீல் தந்திரத்தால் உன் கடிதம் வெளியே வந்தது என்று நினைக்காதே. யாரும் என் மடியிலிருந்து பிடுங்கவில்லை. நானாக எடுத்தேன், நானாகக் கொடுத்தேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டின அதே கையால் கொடுத்தேன்.

உன் அக்கா
ஜெசிந்தா